மின்சாரம் நின்றாலும் தொடர்பு நிற்காதிருக்க

ஒரு காலத்தில் நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் மின்சாரம் என்பது தோட்டத்து இயந்திரக் கொட்டகையில் ஜெனரேட்டர் ஓடும் வரைதான். மாலையில் விளக்கு எரியும். இரவில் குறித்த நேரத்தில் அணைந்துவிடும். அணைந்த பின்னர் ஏற்றிவைக்க மண்ணெண்ணெய் விளக்கு ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. ஆகவே, மின்சாரம் நின்றுவிட்டதே என்று எவரும் கலங்கியதில்லை.

இன்றைய நிலை வேறு. மழையினால் மறுநாள் பால்வெட்டு உண்டா இல்லையா என்னும் செய்தி கைப்பேசிக்கு வருகிறது. பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களும் ஆசிரியரின் அறிவிப்புகளும் புலனக் குழுக்களில் வருகின்றன. சிங்கப்பூரிலோ ஜொகூர் பாருவிலோ வேலை செய்யும் மகன் இரவில் முகம் காட்டிப் பேசுகிறான். வங்கிக் கணக்கையும் ஊழியர் சேமநிதிக் கணக்கையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். இவற்றுக்கெல்லாம் பல வீடுகளில் அடிப்படையாக இருப்பது, கூடத்தின் மூலையில் பச்சை விளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியேயாகும்.

மின்சாரம் நின்ற அதே நொடியில் அப்பெட்டியும் நின்றுவிடுகிறது. பெருங்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது, இரவு நேரம், வீட்டில் ஒரு முதியவருக்கு மூச்சுத் திணறல். பிறரை அழைக்க வேண்டிய தேவை மிகுந்த வேளையில் அழைப்பதற்கான வழி அடைபட்டுவிடுகிறது. கைப்பேசிக் கோபுரத்தின் அலை நன்றாக எட்டாத உட்புறத் தோட்டங்களில் இஃது அற்பமான குறையன்று.

இக்குறையைப் போக்குவதாகச் சொல்லி, "மினி யூ.பி.எஸ்." என்னும் பெயரில் சிறு மின்கலப் பெட்டிகள் கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் விற்கப்படுகின்றன. இவற்றை நாம் இக்கட்டுரையில் துணை மின்பெட்டி என்று அழைப்போம். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமாகிய 1,700 வெள்ளியை 26 வேலை நாள்களால் வகுத்தால், நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம் வருகிறது. துணை மின்பெட்டி ஒன்றை வாங்குவதென்றால் ஒரு நாள் கூலியோ இரண்டு நாள் கூலியோ போய்விடும். அத்தொகையைக் கொடுக்கும் முன்னர், அப்பெட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதன்மேல் அச்சிட்ட எண்களுக்குப் பொருள் என்ன என்பவற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

பழைய தொலைபேசி ஏன் நிற்கவில்லை?

மூத்தோர் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "அக்காலத்தில் தோட்ட அலுவலகத்தில் இருந்த தொலைபேசி, மின்சாரம் இல்லாதபோதும் வேலை செய்ததே! இக்காலத்துக் கருவி மட்டும் ஏன் நின்றுபோகிறது?" என்பதே அக்கேள்வி. நல்ல கேள்விதான்.

பழைய தொலைபேசி செப்புக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. செம்பு மின்சாரத்தைக் கடத்தும். தொலைபேசி நிலையத்தில் வரிசையாக அடுக்கிவைத்த பெரிய மின்கலங்களிலிருந்து சுமார் 48 வோல்ட் மின்சாரம் அக்கம்பி வழியாகவே வீட்டுத் தொலைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. பேச்சும் அதே கம்பியில். பேசுவதற்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பியில். ஆகவே, ஊர் முழுதும் இருளில் கிடந்தாலும் தொலைபேசி மணி அடித்தது.

இன்று இணையத்தைக் கொண்டுவருவது கண்ணாடியிழை. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யூனிஃபை சேவை தொடங்கிய பின்னர் இவ்விழை வீடுகளுக்குப் பரவலாக வரலாயிற்று. கண்ணாடியிழை ஒளியைக் கடத்துமேயன்றி மின்சாரத்தைக் கடத்தாது. ஒளியைச் செய்தியாக மாற்றும் மோடத்துக்கும், அச்செய்தியை வைஃபை அலையாகப் பரப்பும் ரவுட்டருக்கும் நம் வீட்டு மின்சாரமே வேண்டும். சிம் அட்டை போட்டுப் பயன்படுத்தும் ரவுட்டருக்கும் அதே நிலைதான்.

ஆனால், இணைய நிலையங்களிலும் கைப்பேசிக் கோபுரங்களிலும் மின்தடைக்கென்று தனி மின்கலங்கள் வைக்கப்பட்டிருப்பது வழக்கம். பெரிய நிலையங்களில் ஜெனரேட்டரும் இருக்கும். எனவே, நம் வீட்டில் மின்சாரம் நின்ற பின்னரும் அங்கிருந்து வரும் தொடர்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. அறுபட்டுப் போவது நம் வீட்டில் உள்ள கடைசி முழ நீளமே. துணை மின்பெட்டி இணைக்க முற்படுவது அந்தக் கடைசி முழத்தைத்தான்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை உள்ள மாறுமின்சாரம். ரவுட்டருக்கு வேண்டுவதோ, பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரம். சிலவற்றுக்கு 9 வோல்ட் அல்லது 5 வோல்ட். இம்மாற்றத்தைச் செய்வது சுவரில் செருகும் அடாப்டர்.

துணை மின்பெட்டியை நாம் அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் வைக்கிறோம். மின்சாரம் உள்ளபோது அது ரவுட்டரை ஓடவிட்டுக்கொண்டே தன் மின்கலத்தையும் நிரப்பிக்கொள்கிறது. மின்சாரம் நின்றால் மின்கலம் உடனே பொறுப்பேற்கிறது. மின்கலம் எப்போதும் இணைப்பிலேயே இருப்பதால் இடைவெளி ஏற்படுவதில்லை. ரவுட்டர் அணைந்து மீண்டும் எழ வேண்டிய தேவையும் இல்லை.

"எங்களிடம் பவர் பேங்க் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். ஐந்து வோல்ட்டைப் பன்னிரண்டாக உயர்த்தும் கம்பியொன்று வாங்கினால் பவர் பேங்கைக் கொண்டும் ரவுட்டரை ஓட்டலாம்; அவசரத்துக்கு அது நல்ல வழியே. ஆனால், பவர் பேங்குகள் பலவும் தமக்கு மின்னேற்றம் ஆகும்போது வெளியே மின்சாரம் கொடுப்பதில்லை. அல்லது மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நின்று பின்னர் கொடுக்கின்றன. அந்த ஒரு கணத்தில் ரவுட்டர் அணைந்துவிடும். மின்தடையின்போது மட்டும் எடுத்து இணைப்பதற்குப் பவர் பேங்க் ஏற்றது. இரவும் பகலும் இணைத்தே வைப்பதற்கு ஏற்றதன்று.

பால் வாளியும் உலர் ரப்பரும்

இப்போது எண்களுக்கு வருவோம். பெட்டியின்மேல் 8,800 என்றோ 10,400 என்றோ பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதன் பக்கத்தில் எம்.ஏ.எச். என்னும் ஆங்கில எழுத்துகளைப் போட்டிருப்பார்கள். மில்லி ஆம்பியர் மணி என்பது இதன் விரிவு. பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

அவர்கள் போடும் கணக்கு இவ்வாறு அமைகிறது: "ரவுட்டருக்கு 1 ஆம்பியர், அதாவது 1,000 மில்லி ஆம்பியர் வேண்டும். பெட்டியில் 8,800 இருக்கிறது. ஆகவே, ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் ஓடும்." இக்கணக்கு தவறானது.

ஏன் தவறு என்பதை நம் தொழிலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பால் வாளி நிறைந்திருப்பதால் மட்டும் ரப்பர் நிறைய இருக்கிறது என்று நாம் சொல்வதில்லை. மழை நீர் கலந்த பாலும் வாளியை நிரப்பும். அதனால்தான் எடை போடும் இடத்தில் மெட்ரோலாக்கை இட்டுப் பாலின் திடத்தைப் பார்க்கிறார்கள். வாளியின் அளவு ஒன்று. அதில் உள்ள உலர் ரப்பர் வேறொன்று. கணக்குக்கு உரியது உலர் ரப்பரே.

மில்லி ஆம்பியர் மணி என்பது வாளியின் அளவைப் போன்றது. எத்தனை வோல்ட்டில் அந்த அளவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான சரக்கு தெரியும். பெட்டிக்குள் இருக்கும் லித்தியம் சில்லு ஒவ்வொன்றும் 3.7 வோல்ட் கொடுப்பது. பெட்டியில் அச்சிட்ட எண் பெரும்பாலும் அந்த 3.7 வோல்ட்டுக்கு உரியதேயன்றி, ரவுட்டருக்கு வேண்டிய 12 வோல்ட்டுக்கு உரியதன்று. ஆகவே, இரண்டையும் பெருக்கி "வாட் மணி" என்னும் அளவைக் காண வேண்டும். வாட் மணியே நம் உலர் ரப்பர்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, 8,800 மில்லி ஆம்பியர் மணியை 1,000ஆல் வகுத்தால் 8.8. அதனை 3.7ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 32.5 வாட் மணி.

இரண்டாவது, 3.7 வோல்ட்டை 12 வோல்ட்டாக உயர்த்தும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது பாதுகாப்பான கணக்கு. மீதி 26 வாட் மணி.

மூன்றாவது, கருவிகளின் தேவையைக் காண வேண்டும். ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றும், மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்றும் இருந்தால், முதலாவது 12 வாட். இரண்டாவது 6 வாட். கூட்டினால் 18 வாட்.

நான்காவது, 26ஐ 18ஆல் வகுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம்.

அடாப்டரில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு. கருவிகள் நாள் முழுதும் அந்த உச்சத்தில் ஓடுவதில்லை. உண்மையில் இரண்டும் சேர்ந்து 11 வாட் எடுத்தால், அதே பெட்டி இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். எப்படிப் பார்த்தாலும் ஒன்பது மணி நேரம் என்பது கனவே. ஒன்றரை மணி நேரம் என்று எண்ணி வாங்கியவருக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் மகிழ்ச்சி. ஒன்பது மணி நேரம் என்று எண்ணி வாங்கியவருக்கு அதே இரண்டு மணி நேரம் ஏமாற்றம்.

எண்களில் நேரும் ஏமாற்று

இப்பெட்டிகளில் பெரும்பாலும் பயன்படுவது 18650 என்னும் எண்ணால் அறியப்படும் சில்லு. 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதே அவ்வெண்ணின் பொருள். நேர்மையாகத் தயாரிக்கப்பட்டுக் கடைகளில் கிடைக்கும் இவ்வகைச் சில்லு ஒவ்வொன்றும் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை கொள்ளும். சில்லு ஒன்றில் 9,900 என்று அச்சிட்டு விற்பவர்களும் உண்டு. அது பொய்யான எண்.

கையில் எடுத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். இச்சில்லு ஒன்றின் எடை 45 கிராம் அளவில் இருக்கும். 8,800 என்று சொல்லும் பெட்டியில் குறைந்தது மூன்று சில்லுகளாவது, பெரும்பாலும் நான்கு சில்லுகள், இருக்க வேண்டும். நான்கு சில்லுகளே 180 கிராம். மேலுறையும் உள்ளுறுப்புகளும் வேறு. அவ்வளவு கொள்ளும் என்று சொல்லப்படும் பெட்டி நூறு கிராம் எடைகூட இல்லாதிருந்தால் அதனை வாங்காமல் விடுவதே நன்று. வாட் மணி அளவை வெளிப்படையாக அச்சிட்டுள்ள பெட்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதை இணைக்கலாகாது?

26 வாட் மணி என்பது சிறிய இருப்பு. 500 வாட் எடுக்கும் சோறு சமைக்கும் மின்பானையை அதனால் ஓட்ட முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று நிமிடங்களில் இருப்பு தீர்ந்துவிடும். மின்விசிறி, தொலைக்காட்சி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கைப்பேசிக்கு மின்னேற்றவும் இப்பெட்டிகளில் துளை வைத்திருப்பார்கள். ஆனால், 5,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் கைப்பேசி ஒன்றை முழுதாக நிரப்ப ஏறத்தாழ 19 வாட் மணி வேண்டும். ஒரே கைப்பேசி பெட்டியின் பெரும்பகுதியைக் குடித்துவிட்டால் ரவுட்டருக்கு எஞ்சுவது என்ன? எனவே, வானம் கறுக்கத் தொடங்கியதும் கைப்பேசிகளைச் சுவர் மின்சாரத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். பெட்டியை ரவுட்டருக்கென்று விட்டுவிட வேண்டும்.

நோயாளிக்கு வேண்டிய கருவிகளை இப்பெட்டியை நம்பி வைத்தல் கூடவே கூடாது. வீட்டில் பயன்படுத்தும் ஆக்ஸிஜன் இயந்திரம் ஒன்று சுமார் 300 வாட் எடுக்கக்கூடியது. அத்தகைய நோயாளி உள்ள வீட்டார், மின்தடையின்போது என்ன செய்வது என்பதை மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். துணை மின்பெட்டியின் வேலை உதவியை அழைப்பதற்கு வழி திறந்து வைப்பது மட்டுமே.

இணைக்கும் முறை

முதலில் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். ரவுட்டரின் அடியிலும் அடாப்டரின் முதுகிலும் சிறு எழுத்துகளில் "அவுட்புட்" என்று அச்சிட்டிருக்கும் வரியைப் படிக்க வேண்டும். அங்கே 12 என்றிருந்தால் பெட்டியின் 12 வோல்ட் துளை. 9 என்றிருந்தால் 9 வோல்ட் துளை. 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் ரவுட்டர் கெட்டுப்போக நேரும். அது சேவை நிறுவனத்துக்குச் சொந்தமான கருவியாயின் இழப்பீடும் கேட்பார்கள்.

அடுத்து, செருகியின் அளவு. வெளிக் குறுக்களவு 5.5 மில்லிமீட்டர் என்பது பொது, உள்துளையோ 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என இருவகைப்படும். பொருந்தாத செருகி தளர்ந்து நின்று விட்டுவிட்டு மின்சாரம் கொடுக்கும். நடுமுள் நேர்மின் முனையா என்பதைக் காட்டும் சிறு வட்டப் படம் அடாப்டரிலும் பெட்டியிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அடாப்டரின் வலிமை. துணை மின்பெட்டி வைத்த பின்னர் அடாப்டர் ரவுட்டரையும் ஓட்ட வேண்டும். மின்கலத்தையும் நிரப்ப வேண்டும். ரவுட்டரோடு வந்த 1 ஆம்பியர் அடாப்டருக்கு இது சுமையாகலாம். அடாப்டர் தொட முடியாத அளவுக்குச் சுட்டால், அதே வோல்ட் அளவுடைய 2 ஆம்பியர் அடாப்டரை வாங்கிக்கொள்வது தக்கது. வோல்ட் மாறலாகாது, ஆம்பியர் மிகுந்திருக்கலாம். அடாப்டரில் சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இணைத்த பின்னர் ஒரு விடுமுறை நாளில் சோதனை செய்தல் நன்று. பெட்டியை ஒரு நாள் முழுதும் மின்னேற விட்டு, மறுநாள் அடாப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, ரவுட்டர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கடிகாரத்தில் பார்த்து, அந்நேரத்தையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டிவிடலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இவ்வாறு செய்து வந்தால் மின்கலம் மூப்படைவது தெரியும். முதல் நாள் கிடைத்த நேரத்தில் பாதிதான் கிடைக்கிறது என்னும் நிலை வந்தால் பெட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது பொருள்.

இடி மின்னல் வேளையில்

உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. பருவக் காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மேற்குக் கரைத் தோட்டங்களுக்கு அன்றாட விருந்தாளி. துணை மின்பெட்டி மின்னலைத் தடுக்கும் கருவியன்று. மின்கம்பியில் மின்னல் பாய்ந்தால் அடாப்டர், பெட்டி, ரவுட்டர் மூன்றும் ஒருசேரக் கருகக்கூடும்.

ஆனால், இப்பெட்டியால் விளையும் நன்மை ஒன்று இங்கே இருக்கிறது. பலர் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் இடி முழங்கினால் ரவுட்டரின் செருகியைப் பிடுங்கிவிடுவோம். அதோடு தொடர்பும் போய்விடும். இப்போது அடாப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாலும் ரவுட்டர் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடியிழை மின்னலைக் கடத்தாது. எனவே, மின்கம்பியிலிருந்து கருவியைப் பிரித்து வைத்துக்கொண்டே தொடர்பையும் காத்துக்கொள்ளலாம். மின்தடைக்கு உதவுவதைவிட இப்பயன் அடிக்கடி வேண்டப்படுவது. செப்புக் கம்பியோ வீட்டுக்கு வெளியே கட்டிய அலைவாங்கியோ உள்ள வீட்டில் அக்கம்பியையும் கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கும் முன்னரே இவற்றைச் செய்துவிட வேண்டும். மின்னல் தலைக்கு மேல் வெட்டும்போது செருகியைத் தொடலாகாது.

வெப்பமும் தீயும்

லித்தியம் சில்லுக்குப் பகை வெப்பம். நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே, அலமாரியின் உச்சியில், அடுப்புக்குப் பக்கத்தில், குளிர்பெட்டியின் பின்புறத்தில் வைத்த பெட்டி விரைவில் மூப்படையும். காற்றோட்டமுள்ள, நிழலான, தரையிலிருந்து சற்று உயர்ந்த இடத்தில், மரப் பலகையின்மேல் அல்லாமல் ஓட்டின்மேலோ சிமெண்டுத் திட்டின்மேலோ வைப்பது நல்லது. அதன்மேல் துணியோ செய்தித்தாளோ போடலாகாது. பெட்டியை மெத்தையின்மேல் வைத்து உறங்குதல் கூடாது.

பெட்டி உப்பிப்போனாலும், இனிப்பான இரசாயன நெடி வீசினாலும், கை வைக்க முடியாமல் சுட்டாலும், உடனே இணைப்பைத் துண்டித்து, எரியும் பொருள் அருகில் இல்லாத வெளியிடத்தில் வைத்துவிட வேண்டும். மீண்டும் அதனைப் பயன்படுத்தலாகாது. புகையோ தீயோ கண்டால் பெட்டியைத் தொடாமல், வீட்டில் உள்ளோரை வெளியேற்றி, 999க்கு அழைக்க வேண்டும். லய வீடுகள் ஒரே கூரையின்கீழ் அமைந்தவை. ஒரு வீட்டில் பற்றிய தீ, பக்கத்து வீட்டில் உறங்கும் குழந்தையையும் தொடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இதனால்தான், பழைய மடிக்கணினியின் மின்கலத்தைப் பிரித்தெடுத்த சில்லுகளைக் கொண்டு வீட்டிலேயே பெட்டி கட்டும் வேலையைத் தவிர்க்க வேண்டும் என்கிறோம். கைத்திறன் மிக்க இளைஞர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்களின் ஆர்வம் பாராட்டத் தக்கதே. ஆயினும், வயது தெரியாத சில்லுகளையும் மேன்மேலும் ஏறும் மின்னேற்றத்தைத் தடுத்து நிறுத்தும் காப்புப் பலகை இல்லாத இணைப்பையும் இரவு முழுதும் வீட்டில் வைத்திருத்தல் தகாது.

காலம் முடிந்த பெட்டியைக் குப்பையோடு போடவும் கூடாது; குப்பை எரிக்கும் குழியில் இடவும் கூடாது. நெருப்பில் லித்தியம் சில்லு வெடிக்கும். நகருக்குச் செல்லும்போது மின்னணுக் கழிவு திரட்டும் இடத்தில் அதனைச் சேர்த்துவிட வேண்டும்.

நமக்கு வேண்டுமா?

இவ்வளவும் அறிந்த பின்னர், எல்லா வீட்டுக்கும் இப்பெட்டி வேண்டுமா என்னும் கேள்வி எழுகிறது. வேண்டாம் என்பதே விடை.

மின்தடையின்போது உங்கள் வீட்டுக்குள் கைப்பேசி அலை நன்றாகக் கிடைக்கிறதா? கிடைத்தால், நிரம்பிய கைப்பேசி ஒன்றே போதும்; பணத்தை மிச்சப்படுத்தலாம். கோபுரமே அடிக்கடி அணைந்துவிடும் இடமாயின், சிம் அட்டை போடும் ரவுட்டருக்குப் பெட்டி வைத்தும் பயனில்லை. வீட்டுக்குள் அலை எட்டாது, ஆனால் கண்ணாடியிழை வந்திருக்கிறது என்னும் வீடுகளுக்கே இஃது உண்மையான உதவி. முதியோரும் நோயாளிகளும் உள்ள வீடுகள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் ஆகியவை அவற்றுள் முதலிடம் பெற வேண்டியவை.

ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே செலவு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. வைஃபை அலை பக்கத்து வீட்டுக்கும் எட்டும். லயத்துக்கு ஒரு வீட்டில் நல்ல பெட்டி ஒன்றை வைத்து, அவசர வேளையில் அண்டை அயலார் அங்கு வந்து அழைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடிவு செய்தால், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து தரமான ஒன்றை வாங்க இயலும்.

இணையச் சந்தையில் வாங்குவோர், விளம்பரப் பக்கத்தையும் பணம் செலுத்திய சான்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சொன்ன அளவுக்கும் பொருளுக்கும் பொருத்தமில்லை என்றால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் கோரிக்கை அளிக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. சிறு தொகைதானே என்று விட்டுவிடுவதால்தான் பொய் எண்கள் தொடர்ந்து அச்சாகின்றன.

மின்தடை ஏற்பட்டால் தீவகற்ப மலேசியாவில் உள்ளோர் தெனாகா நேஷனலின் 15454 என்னும் எண்ணில் தெரிவிக்கலாம். தோட்ட நிர்வாகம் தானே மின்சாரம் வழங்கும் இடங்களில் தோட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியை எவரும் நெருங்கலாகாது. தடை நீண்டுபோய்ப் பெட்டியும் தீர்ந்துவிட்டால், மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலி கைகொடுக்கும். மின்னல் எஃப்எம் வழியாக வெள்ளச் செய்தியும் வானிலைச் செய்தியும் தமிழிலேயே கிடைக்கும்.

வாங்கும் முன்னர் வோல்ட்டைப் பாருங்கள்; வாட் மணியைக் கணக்கிடுங்கள்; எடையைக் கையில் உணருங்கள்; வைக்கும் இடத்தைத் தேர்ந்து வையுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்க உங்கள் வீட்டுப் பள்ளிப் பிள்ளையையே உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். மெட்ரோலாக்கின் அளவைத் தவறாமல் கவனித்துப் பழகிய நம் தொழிலாளர்களுக்கு, பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைச் சோதித்து அறிதல் கடினமான காரியமன்று.